தனி உலை

குளத்துமேட்டு மடத்தில் இருந்த செண்பகவல்லி அம்மையாருக்கு வயது முப்பத்தைந்துதான். அவருடைய சீடர் திருமலைக்கொழுந்துக்கு ஐம்பத்தெட்டு. ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சீடர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருடமாக வரிக்கணக்கு எழுதியவர் காதில் எவ்வளவோ விழுந்திருக்கிறது.

ஒரு காலையில் ஏட்டுக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தார். முகம் செத்துக் கிடந்தது.

"என்ன கணக்கரே?"

"உலகம்மை விஷயந்தான் தாயே. நான் எழுதினது சரிதான். ஆனா மனசு கேக்கல."

விஷயம் இதுதான். அந்த நாட்டில், படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு அரண்மனை மாதம் பத்து மரக்கால் நெல் அளந்தது. மற்ற வரும்படிக்கெல்லாம் பத்தில் ஒரு பங்கு வரி. இந்த நெல்லுக்கு மட்டும் கிடையாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே குடும்பமாக வாழ வேண்டும். ஏட்டில் அதை 'ஒரே உலை' என்று எழுதுவார்கள். 'தனி உலை' என்றால் வேறு குடும்பம். அப்போது அந்த நெல் வெறும் கூலி, கூலிக்கு வரி உண்டு.

உலகம்மை புருஷனை இழந்தவள். இரண்டு பிள்ளைகள். மாமனார் ஐயாக்குட்டி வாதத்தில் விழுந்த மூன்று வருடமாக அவள்தான் பார்க்கிறாள். போன மாதம் கணக்கர் அவள் வாசலில் நின்று, "உங்க எல்லாருக்கும் ஒரே உலைதானா?" என்று கேட்டிருந்தார்.

"இல்லைய்யா. மாமாவுக்குத் தனி உலைதான்" என்று அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

கணக்கர் எழுதிக்கொண்டார். மூன்று வருடத்து வரி, மாதம் ஒரு மரக்காலாக மூன்று கலம் நெல், அடுத்த வாரத்துக்குள் கட்டு என்று அவளுக்கு ஓலை வந்துவிட்டது.

"அவ்வளவு நெல்லுக்கு அவ எங்க தாயே போவா? மாமனாரைச் சத்திரத்துல சேத்துட்டு செங்கல் சூளைக்குப் போறேன்னு அழுதா. பெரியவரு சத்திரத்துல ஒரு மாசம் தாங்க மாட்டாரு. அதுக்காக, அவ வாயால சொன்னதை நான் மாத்தி எழுதுனா அது பொய்யில்லையா?"

"பொய் எழுத வேண்டாம். வாரும், போயிட்டு வருவோம்."

உலகம்மை இருவரையும் வாசலில் கண்டதும் வெலவெலத்துப் போனாள். ஓலைக்குப் பின்னால் ஆளும் வந்துவிட்டதே என்று பயம்.

"பயப்படாத" என்றார் அம்மையார். "ஆத்துல நிம்மதியாக் குளிச்சு எத்தனை நாளாச்சு?"

"அதெல்லாம் நெனப்புலயே இல்லம்மா."

"இன்னைக்குப் போய்க் குளி. நீ வாறவரைக்கும் கணக்கர் பாத்துக்கிடுவாரு."

"நானா?" என்றார் கணக்கர்.

அம்மையார் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். உலகம்மை தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இடது பக்கமாத் திருப்பிப் படுக்க வச்சு முதுகைத் தொடைக்கணும். அடுப்புல கஞ்சி இருக்கு. சாய்ச்சு உக்கார வச்சு ஊட்டணும். பொரை ஏறும், பாத்து."

அவள் போனாள். கணக்கர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

ஐயாக்குட்டி எலும்பும் தோலுமாக இருந்தார். ஆனாலும் திருப்புவதற்குள் கணக்கருக்கு மூச்சு வாங்கியது. முதுகைத் துடைத்து முடித்ததும் பெரியவர் படுக்கையை நனைத்துவிட்டார். மறுபடி துடைத்தார். கஞ்சி ஒரு கரண்டி போனால் இரண்டு கரண்டி கணக்கரின் துண்டிலேயே வழிந்தது. புரை ஏறியபோது பதறிப்போய் நெஞ்சைத் தடவிவிட்டார். வெளியே அம்மையார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உலகம்மை ஈரத் தலையோடு திரும்பியபோது ஐயாக்குட்டி வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட மாட்டேங்காரு" என்றார் கணக்கர், அழாத குறையாக.

பெரியவர் வாயைத் திறந்து ஒரே வார்த்தை சொன்னார்.

"உப்பு."

உலகம்மை சிரித்துவிட்டாள். "தெனமும் இதே ரகளைதான். இவுகளுக்கு உப்பு ஆகாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. குழைய வேற வைக்கணும். அதான் முதல்ல இவுகளுக்குத் தனி உலை வச்சு எறக்கிட்டு, அதே அடுப்புல எங்களுக்கு வைப்பேன்."

கணக்கரின் கை கரண்டியோடு நின்றது.

"தனி உலைன்னு அன்னைக்கு நீ சொன்னது இதத்தானா?"

"வேற எதைய்யா?"

அவர் எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரே அடுப்பு. ஒரே நெல் குதிர். பிள்ளைகளின் பாயும் பெரியவர் கட்டிலை ஒட்டித்தான் சுருட்டிக் கிடந்தது. முப்பது வருடமாக வாசலில் நின்று கேட்டே எழுதியவருக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஏட்டை அவிழ்த்தார். முன்பு எழுதியதை அடித்துவிட்டு, 'ஒரே உலை. நெல்லுக்கு வரி இல்லை' என்று எழுதி உரக்கப் படித்துக் காட்டினார்.

"அப்ப அந்த மூணு கலம்?"

"கிடையாது தாயி. நீ சூளைக்கும் போக வேண்டாம், எங்கயும் போக வேண்டாம்."

உலகம்மை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. கணக்கருக்கும் கண் கலங்கியது. அவர் அதைக் கஞ்சித் துண்டால் துடைத்து முகமெல்லாம் பிசுபிசுப்பாக்கிக்கொண்டார்.

ஆனால் கணக்கு எழுதும் புத்தி லேசில் விடுமா? ஏட்டைக் கட்டப் போனவர் நின்றார். வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தாயே, இன்னொரு சிக்கல் இருக்கு. கொஞ்சமாச்சும் சம்பாதிச்சுப் பிள்ளைகளை வளக்குறவங்களுக்கு அறுவடைக்கு ரெண்டு கலம் அரண்மனை குடுக்குது. அந்தப் பட்டியல்ல இவ பேரும் இருக்கு. இப்ப இவ நெல்லுக்கு வரியே இல்லைன்னு ஆகிப்போச்சு. அப்ப அது சம்பாத்தியம் இல்லைன்னுதான அர்த்தம்? இவ பேரை அடிச்சிரணுமே."

"அந்தப் பட்டியலுக்கு ஏட்டுல என்ன பேரு?"

"உழைச்சவங்க பட்டியல்."

அம்மையார் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நெல்லுக்கு வரி இல்லைன்னுதான எழுதினீரு. இவ உழைக்கலைன்னு எங்க எழுதியிருக்கு?"