களிம்பைக் கழுவியவர்

களிம்பு அதிகமாகிவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளை சாகக் கிடந்து பிழைத்தது. அவ்வளவுதான் நடந்தது.

பிறந்ததிலிருந்தே அதற்குத் தோல் தடித்து, மீன் செதில் மாதிரி. களிம்பு எழுதியவன் டாக்டர் அருள்நம்பி. பிள்ளை கண் விழித்த அன்று, தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பேராசிரியை மரியபாக்கியத்தின் முன்னால் போய் நின்றான்.

“தப்பு எங்கே மேடம்? செதில் உதிர அந்த ஆசிட் களிம்புதானே புத்தகத்துல இருக்கு?”

“யாருக்கு?”

“பெரியவங்களுக்கு. உள்ளங்கால்ல போட.”

“நீ எங்கே போட்டே?”

“உடம்பு முழுக்க. ரெண்டு வேளை.”

“அப்படி என்ன அவசரம்?”

“வியாழக்கிழமை மீட்டிங். சிகிச்சைக்கு முன்னாடி, பின்னாடின்னு போட்டோ காட்டணும்.”

“காட்டு.”

செல்போனை நீட்டினான். முதல் படத்தில் அடுக்கடுக்காய்ச் செதில். அடுத்ததில் வழுவழுப்பு.

“தோல் ஜோராத்தான் இருக்கு. பிள்ளை எங்கேய்யா?”

“இது கால் மேடம். முகம் எடுக்கக் கூடாதே.”

“எடுக்க வேண்டாம். பார்த்தியா?”

பார்த்திருந்தால் வாந்தி தெரிந்திருக்கும். மருந்து ரத்தத்தில் இறங்கி மூச்சு இரைத்ததும் தெரிந்திருக்கும்.

“அதோட அம்மா வந்து சொன்னாங்க, இரைக்குதுன்னு. நான்தான்… ‘தோல் எப்படி உரியுது பாரும்மா, ரெண்டு நாள் பொறு’ன்னேன்.”

“பொறுத்தாளா?”

“இல்ல. வார்டுக் குழாயடியில வெச்சு அவ்வளவையும் கழுவிட்டாங்க. ஈரத்தோட ஈரமா, பழையபடி வெறும் வாசலினைத் தடவி, ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிட்டு ஓடினாங்க.”

“நீ?”

“வழியில நிறுத்தித் திட்டினேன். கடைசி போட்டோ கெட்டுப்போச்சேன்னு.”

“சபாஷ்.”

மீட்டிங்குக்காக அவன் முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்த தாள் மேசையில் கிடந்தது. ‘சிகிச்சை அளித்தவர்: டாக்டர் அருள்நம்பி.’

பேராசிரியை அந்தப் பெயரை ஒரே கோடாக அடித்துவிட்டு, பேனாவையும் தாளையும் அவன் பக்கம் தள்ளினார்.

“சரியான பேரை எழுது.”

“அவங்க பேரு…”

“ஏழு நாளா வார்டுக்குப் போனியே?”

தாளோடு மறுபடி வார்டுக்குப் போனான்.

வாசலின் மினுங்க, பிள்ளை பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் அதன் அம்மா முந்தானையால் பிள்ளையைப் பொத்தினாள்.

அவன் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டான். தள்ளி நின்றே அவள் பேரைக் கேட்டான். அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

சுவரில் தாளை வைத்து எழுதினான்.

சிகிச்சை அளித்தவர்: முப்பிடாதி.