கஷாயம் ஒன்று, கலப்பது வேறு

மழை நின்ற பிறகும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு காட்டில், தேவாங்கு வைத்தியர் ஒருவர் இருந்தார். நல்ல கைராசிக்காரர். ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் புதிதாக மலையேறி, வேர் தோண்டி, இடித்து, காய்ச்சித்தான் மருந்து கொடுப்பார். தோசைக்குத் தோசை தனியாக மாவரைத்தால் கடை என்ன ஆகும், சொல்லுங்கள் பார்ப்போம். அதே கதைதான் இங்கேயும்.

அந்த மழைக்காலத்தில் காடெங்கும் இருமல் பரவியது. வைத்தியர் வாசலில் கூட்டம் தாங்கவில்லை.

முயலம்மா குட்டியை அணைத்தபடி முன்னே வந்தாள். "வைத்தியரே, பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது."

"இதோ, மலைக்குப் போய் வேர் எடுத்து வருகிறேன் அம்மா."

"நேற்றும் இதையேதான் சொன்னீர்கள். இன்னும் எங்கள் முறை வரவில்லையே," என்று அவள் அழுதாள். வைத்தியருக்கு மனசு கேட்கவில்லை.

அவசரக்கார நரி குறுக்கே புகுந்தது. "எதற்கு இந்த வீண் அலைச்சல்? பெரிய பானையில் ஒரேயடியாகக் காய்ச்சுங்கள். யானையோ அணிலோ, ஆளுக்கு ஓர் அகப்பை. இருமல் எல்லாருக்கும் ஒன்றுதானே?"

வேறு வழி தெரியாமல் வைத்தியரும் அப்படியே செய்தார். யானைக்கு அது தொண்டையைக்கூட நனைக்கவில்லை. முயல்குட்டியோ கசப்புத் தாங்காமல் அத்தனையையும் கக்கிவிட்டது. குரங்கு மட்டும் இருமல் விட்டுப்போய்க் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது.

இது எப்படி? வைத்தியரின் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. மெல்ல மெல்ல மரமேறி, குரங்கின் முகத்தை உற்றுப் பார்த்தார். மோவாயெல்லாம் ஒரே பிசுபிசுப்பு.

"மருந்தோடு என்ன சாப்பிட்டாய் தம்பி?"

"திட்டமாட்டீர்களே? ரொம்பக் கசந்தது. கொஞ்சம் தேன் கலந்து குடித்துவிட்டேன்."

"அடடே, அப்படியா சங்கதி?" என்றார் வைத்தியர்.

கீழே இறங்கியவர், அதே பானையிலிருந்து சில சொட்டு எடுத்து, அருகம்புல் சாற்றில் கலந்து முயல்குட்டிக்குப் புகட்டினார். குட்டி சப்புக்கொட்டிக் குடித்தது. யானைக்கு ஒரு குடம், கரும்புச்சாற்றோடு. வேரும் அடுப்பும் எல்லாருக்கும் பொது. கடைசியில் கலப்பதும் அளவும் மட்டும் அவரவருக்கு ஏற்றபடி. பொழுது சாய்வதற்குள் கூட்டம் கலைந்தது. முயலம்மாவின் மடியில் குட்டி மூச்சு இழுக்காமல் தூங்கியது.

எல்லாரும் போன பிறகு நரி இருமிக்கொண்டே வந்தது. "வைத்தியரே, எனக்கு மட்டும் நண்டு ரசத்தில் கலந்து தருவீர்களா?"

"இருமல் எல்லாருக்கும் ஒன்றுதானே, நரியாரே?" என்று கேட்டுக்கொண்டே வைத்தியர் நண்டை இடிக்க உட்கார்ந்தார்.

நீதி: எல்லாருக்கும் பொதுவானதைச் சேர்த்துச் செய், ஆளுக்கு ஆள் மாறுவதை மட்டும் தனியாகச் செய்.