நான்கு பாய் அறையில் ஐரிஸ்

குடை பழுது பார்க்கும் டோக்கிச்சிக்கு அறுபது வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட துறவி மியோசென் என்ற பெண்மணிக்கு நாற்பத்தைந்துதான். ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து ஓய்ந்துவிட்டது.

டோக்கிச்சியின் வீடு என்பது ஓர் அறை. நான்கு பாய் விரித்தால் தரை தீர்ந்துவிடும். மூன்று பக்கமும் குடைகள். நான்காவது சுவரில் ஒரு மூங்கில் ஆணி. அந்த ஆணியில் அவர் மனைவி ஒகினு, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டுக் கடையில் விற்கும் பூப்படங்களை மாற்றி மாற்றி மாட்டுவாள். பனி கரையும் முன்பே பிளம். பிறகு செர்ரி. மழை தொடங்கும் ஐந்தாம் மாதத்தில் ஐரிஸ். இலை உதிரும்போது சாமந்தி.

எல்லாவற்றையும் சேர்த்தே மாட்டிவிட்டால் என்ன, மாற்றும் வேலை மிச்சம்தானே என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"சின்ன வீட்டுக்கு விருந்தாளிகள் ஒவ்வொருவராகத்தான் வரவேண்டும்" என்றாள்.

ஐரிஸ் மாட்டியிருந்த மாதத்தில் அவள் இறந்துபோனாள். டோக்கிச்சி அந்தப் படத்தைக் கழற்றவில்லை. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே ஐரிஸ். பழுது பார்த்த குடையை வாங்க வந்தவர்கள் முதல் வருடம் பரிதாபப்பட்டார்கள். இரண்டாம் வருடம், "உங்கள் வீட்டில் இன்னும் மழை விடவில்லையா?" என்று கிண்டல் செய்தார்கள். மூன்றாம் வருடம் பேசாமல் குடையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த மூன்றாம் வருடம், முதல் பனி விழுந்த காலையில், அவர் மலைக்கோயிலுக்கு ஏறினார். ஒரு கையில் படம், மறு கையில் குடை. சுருட்டினால் மிச்சமிருக்கும் நிறமும் உதிர்ந்துவிடும் என்று படத்தை விரித்தபடியே எடுத்துவந்தார். குடையைப் படத்துக்குத்தான் பிடித்தார். அவர் தோளில் பனி விழுந்துகொண்டிருந்தது. பாதி வழியில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார்.

மியோசென் கோயிலின் தேநீர் அறையில் இருந்தார். அது இன்னும் சிறியது, இரண்டே பாய். சாமந்திப் படத்தை ஆணியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரத்தில் வந்தீர்கள். இந்த நுனியைப் பிடியுங்கள்."

"கை காலியில்லை, தாயே."

மியோசென் திரும்பிப் பார்த்தார். படத்தில் இலைகள் பச்சையாகவே இருந்தன. பூக்கள் மட்டும் பலமுறை துவைத்த துணிபோல் வெளுத்திருந்தன.

"நீலமாக இருந்தது" என்றார் டோக்கிச்சி. "நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது."

"எப்போதெல்லாம் பார்த்தீர்கள்?"

"விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை. தினமும். வேலை குவிந்து கிடக்கிறது. கண் எரிகிறது. எழுந்து போகலாம் என்றால் பயம்."

"என்ன பயம்?"

"நான் பார்க்காத நேரத்தில் மிச்சமும் போய்விடுமோ என்று. அலுத்துவிட்டது, தாயே. ஆனால் அவள் கையால் கடைசியாக மாட்டியது இதுதான். இந்த நிறத்தை எப்படி நிறுத்திவைப்பது?"

மியோசென் அருகில் வந்தார். படத்தை வாங்கிப் பாயில் வைத்தார். சாமந்தியின் நுனியை டோக்கிச்சியின் கையில் கொடுத்தார். இருவரும் சேர்ந்து சுருட்டினார்கள். நீளமான மரப்பெட்டியைத் திறந்து சாமந்தியை உள்ளே வைத்து, பனிக்காலப் பூவான கமேலியாவை எடுத்து மாட்டினார். பிறகு பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு சுருளை எடுத்து, ஒரு சாண் அளவுக்கு விரித்தார்.

ஐரிஸ். அதே வளைந்த இலை, மூலையில் அதே முத்திரை. பூ மட்டும் கண்ணைப் பறிக்கும் நீலம்.

டோக்கிச்சி அப்படியே உட்கார்ந்தார்.

"ஒகினு கடையில் ஒரே நாளில் இரண்டு வாங்கினாள்" என்றார் மியோசென். "ஒன்று உங்கள் சுவருக்கு. ஒன்று இந்தச் சுவருக்கு."

அவள் அதைச் சொன்னதே இல்லை. டோக்கிச்சி அழுதார். அதற்கும் அவரிடம் அதிகத் தெம்பு இருக்கவில்லை.

"ஒரே நாளில் வாங்கியது. இது மட்டும் எப்படி இப்படி இருக்கிறது?"

"அந்த நீலம் பூச்சாற்றில் செய்தது. வெளிச்சம் ஆகாது. வருடத்தில் ஒரு மாதம் வெளியே எடுப்பேன். பதினோரு மாதம் பெட்டியில் இருக்கும்."

மியோசென் சுருட்டத் தொடங்கினார். டோக்கிச்சி நீலத்தின்மேல் கையை வைத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம்."

"ஐந்தாம் மாதம் வாருங்கள்."

"அதுவரை நான் என்ன செய்வது?"

"தூங்குங்கள்."

டோக்கிச்சி பாயில் கிடந்த வெளுத்த படத்தைப் பார்த்தார். "இதை?"

"அதுவும் உங்களைப் போலத்தான் களைத்திருக்கிறது. அதையும் படுக்க விடுங்கள்."

பெட்டி திறந்தே இருந்தது. டோக்கிச்சியின் கை இன்னும் நீலத்தின்மேலேயே இருந்தது.

"பதினோரு மாதம் பார்க்காமல் இருந்தால் மறந்துபோகாதா, தாயே?"

"மறந்துபோகும்" என்றார் மியோசென். "நான் ஒவ்வொரு வருடமும் மறந்துவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் பெட்டியைத் திறந்ததும், இவ்வளவு நீலமா என்று நீங்கள் இப்போது உட்கார்ந்தமாதிரி உட்கார்ந்துவிடுகிறேன்."

டோக்கிச்சி கையை எடுத்தார்.