மேகம் எடுத்த அழைப்புகள்

நாமக்கல் பக்கத்தில் ஜெனரேட்டர் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. பட்டறைக்காரர் பெயர் அங்கமுத்து. அவருடைய மேசைமேல் ஒரு கறுப்பு போன் உட்கார்ந்திருந்தது.

சுற்று வட்டாரத்துக் கோழிப்பண்ணைக்காரர்களுக்கெல்லாம் அதன் நம்பர் மனப்பாடம். ஆனால் யாரும் முழுதாகக் கூப்பிட மாட்டார்கள். இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார்கள். போனின் நெற்றியில் நம்பர் தெரியும். மெக்கானிக் ரங்கசாமி அதைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிடுவார். பட்டறை தொடங்கிய நாள்முதல் இதுதான் வழக்கம்.

ரங்கசாமியின் சொந்த நம்பரை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது அங்கமுத்துவின் சட்டம். கொடுத்தால் தனியாகத் தொழில் தொடங்கிவிடுவார் என்று பயம்.

கறுப்பு போனுக்கு ஒரு குறை உண்டு. ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தால் இன்னொருவரைக் கவனிக்காது. "எப்பப் பார்த்தாலும் எங்கேஜ்" என்று சலித்துக்கொண்டு இரண்டு பண்ணைக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் மேகங்களே போன் வேலைக்கு வருகின்றன என்று அங்கமுத்து கேள்விப்பட்டார். சொல்லி அனுப்பினார். இரண்டு மேகங்கள் வந்தன.

வெள்ளை மேகம் நேராக உள்ளே வந்து மின்விசிறிக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டது.

"ஒரே நேரத்துல நூறு பேர் கூப்பிட்டாலும் நூறு பேரையும் எடுப்பேன் சார். கரண்ட் போனாலும் எடுப்பேன். முதல் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே எடுப்பேன். காத்திருக்கறவங்களுக்குப் பாட்டுப் போடுவேன். சாயங்காலம் கணக்குக் குடுப்பேன்."

"என்ன பாட்டு?"

"வீணை சார்."

அங்கமுத்துவின் முகம் மலர்ந்தது.

சாம்பல் மேகம் வாசலிலேயே நின்றது. "உங்களைக் கூப்பிடறவங்க எப்படிங்க கூப்பிடுவாங்க?" என்று கேட்டது.

"போன்லதான். பின்னே, சங்கு ஊதியா?"

"அதில்லீங்க. ஒரு நாள் இங்கே உட்கார்ந்து பார்த்துட்டு அப்புறம் சொல்றேன்."

"வேலை கேட்டு வந்துட்டு எனக்கே பரீட்சை வைக்கிறியா? போ, போ."

சாம்பல் மேகம் கறுப்பு போனைப் பார்த்தது. "நீயாவது சொல்லேன்."

கறுப்பு போனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் தன்னைப் பரணுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதும் தெரியும். "என்னை யார் கேட்டாங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெள்ளை மேகம் வேலைக்குச் சேர்ந்தது. பழைய நம்பரையும் அதனிடமே ஒப்படைத்தார்கள். கறுப்பு போனின் ஒயரைப் பிடுங்கி, தேய்ந்துபோன பெல்ட்டுகளுக்கு நடுவே பரணில் வைத்தார்கள்.

மார்கழி மாதத்தில் ஒரு நாள், பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது மணிக்கே சுற்று வட்டாரம் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். மாலை ஐந்து மணிக்குத்தான் வரும்.

பக்கத்து ஊரில் பாவாயி என்பவர் குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருந்தார். உள்ளே ஆயிரத்து இருநூறு முட்டைகள், வைத்து எட்டாம் நாள். முந்தின ஈட்டு முட்டைகள் முழுவதும் சித்திரை வெயிலில் வெந்து போயின; அதற்குப் பிறகு இப்போதுதான் மறுபடி வைத்திருந்தார். இந்த ஈடும் போனால் பெட்டியை விற்றுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான். அன்றைக்குப் பார்த்து அவருடைய ஜெனரேட்டர் ஓட மறுத்தது.

பாவாயி பட்டறைக்குக் கூப்பிட்டார். இரண்டாவது மணி அடித்ததும் வைக்கலாம் என்று விரலைத் தயாராக வைத்திருந்தார். முதல் மணியே அடிக்கவில்லை.

"வணக்கம்! புதிய ஜெனரேட்டர் வாங்க எண் ஒன்றை அழுத்தவும்."

பாவாயி பதறி வைத்துவிட்டார். 'எப்படியும் நம்ம நம்பரைப் பார்த்திருப்பாங்க. ரங்கசாமி கூப்பிடுவாரு' என்று காத்திருந்தார். பெட்டியின்மேல் வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் போட்டு மூடினார். போன் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"வணக்கம்! புதிய ஜெனரேட்டர் வாங்க..."

"எனக்குப் புதுசெல்லாம் வேண்டாஞ் சாமி. இருக்கறதே ஓடலை. முட்டையெல்லாம் ஆறுதுங்க."

"பழுது பார்க்க எண் இரண்டை அழுத்தவும்."

அழுத்தினார்.

"உங்கள் வாடிக்கையாளர் எண்ணை அழுத்தவும்."

"பாவாயின்னு சொல்லுப்பா, ரங்கசாமிக்குத் தெரியும்."

"மன்னிக்கவும். தவறான எண்."

"எண்ணே சொல்லலியே, அதுக்குள்ள என்னத்தத் தப்பு கண்டே?"

வீணை வாசித்தது.

பட்டறையில் ரங்கசாமி ஸ்பேனரைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணா, ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. ஒருத்தர்கூடக் கூப்பிடலையே!"

வெள்ளை மேகத்துக்குக் கோபம் வந்தது. "இதுவரை நாற்பத்தொரு அழைப்பு. நாற்பத்தொன்றையும் எடுத்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை."

"எடுத்து?"

"எடுத்தேன்."

"அட, எடுத்து என்ன பண்ணினே?"

"வணக்கம் சொன்னேன். அவங்களே வச்சுட்டாங்க. திருப்தியாத்தான் இருக்கும்."

"யார் யாரு கூப்பிட்டாங்க?"

"கணக்கு சாயங்காலம்தான்."

"இப்பவே சொன்னா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"கணக்கு சாயங்காலம்தான்."

"விடு ரங்கசாமி," என்றார் அங்கமுத்து. "நிம்மதியா ஒரு நாள் உட்கார்ந்தா உனக்குப் பொறுக்காதே."

பரணில் இருந்த கறுப்பு போனுக்கு உடனே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒயர் இல்லை.

மதியம் தாண்டி வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பாவாயி இறங்கினார். முந்தானையில் எதையோ பொத்திப் பிடித்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே ரங்கசாமி கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

"வாங்கம்மா," என்றார் அங்கமுத்து. "ஒரு போன் பண்ணியிருந்தா நாங்களே வந்திருப்போமே!"

பாவாயி முந்தானையை விலக்கி ஒரு முட்டையை எடுத்தார். அங்கமுத்துவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார். அது குளத்துக் கல்லைப்போலச் சில்லென்று இருந்தது. மின்விசிறிப் பக்கம் சாய்ந்திருந்த மேகத்தைப் பாவாயி கைகாட்டினார்.

"இதுக்கு எத்தனாம் நம்பரை அழுத்தோணும்னு உங்க மேகத்துகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."