அரைமணிக்கு வராத கடிதங்கள்

தென்காசியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எஸ்தர் டீச்சரின் அறை இருந்தது. தாங்களாகவே கணினி கற்றுக்கொண்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடுவார்கள். டீச்சருக்கு வயது முப்பத்துநான்கு. அவரிடம் பாடம் கேட்டவர்களில் மூத்தவர் மாசிலாமணி. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலை. நாற்பத்தொன்பது வயது.

ஒருமுறை டீச்சர் இரண்டு பேருக்கு ஒரே வேலையைக் கொடுத்தார். பாட்டோ படமோ ஓடவிட்டுத் தூங்கிப்போகிறவர்களுக்காக, குறித்த நேரத்தில் கணினியைத் தானாக அணைக்கும் ஒரு சின்ன நிரல். ரியாஸ் எழுதியதற்குப் பெயர் ‘நித்திரா’. மாசிலாமணி எழுதியது ‘அரைமணி’. ஒரு கட்டம், ஒரு பட்டன். நிமிடத்தைப் போட்டு அமுக்கினால் வேலை முடிந்தது. இரண்டையும் டீச்சர் தன் இணையப் பக்கத்தில் இலவசமாக வைத்தார். எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் எண்ணவில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. நிரலை வைத்திருப்பவர்கள் இன்னின்ன வசதி வேண்டும் என்று கடிதம் எழுதலாம். வாரம் முழுக்க, எத்தனை கடிதம் வந்தது என்பது மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை திறந்து, நிரலை எழுதியவரே எழுந்து நின்று எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். கடிதம் வராதவரும் எழுந்து நிற்க வேண்டும். ‘எனக்கு இல்லை’ என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.

மூன்று வருடமாக மாசிலாமணி அதைச் சொல்லிவந்தார்.

ரியாஸின் முறை வந்தால் அறையே நிமிர்ந்து உட்காரும்.

“‘சத்தம் படக்குனு நிக்காம கொஞ்சங்கொஞ்சமா குறையணும்.’ இது மதுரைலருந்து. ‘நான் குறட்டை விட ஆரம்பிச்சதும் அணையணும்.’ இது யாருன்னு தெரியல. ‘எங்கப்பா ரூமுக்குள்ள வந்தா மட்டும் படம் நின்னு கணக்குப் பாடம் ஓடணும்...’”

சிரிப்பு அடங்குவதற்குள் டீச்சர் கூப்பிடுவார்.

“அடுத்து மாசிலாமணி அண்ணே.”

“எனக்கு இல்லை.”

மாசிலாமணிக்கு முதலில் ரியாஸ் சிரிப்பது பிடிக்காமல் போனது. பிறகு அவன் போட்டுவரும் சட்டை. பிறகு, அவன் டம்ளரில் மட்டும் டீ ஒரு விரற்கடை கூடுதலாக இருப்பதுபோலத் தெரிய ஆரம்பித்தது.

ஒருநாள் வேறு பெயரில் தனக்குத்தானே ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். ‘ஐயா, தங்கள் அரைமணியில்’ என்று தொடங்கினார். அதில் என்ன வேண்டுமென்று கேட்பது? ரொம்ப நேரம் யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. அழித்துவிட்டார். அதற்கும் ரியாஸ் மேல்தான் கோபம் வந்தது.

அந்த வாரம் எல்லாரும் படியிறங்கிப் போனபிறகு அவர் மட்டும் நின்றார்.

“அரைமணியை எடுத்துடுங்க டீச்சர்.”

“ஏண்ணே?”

“செத்தபிறகும் எதுக்கு வாசல்ல போட்டு வச்சிருக்கணும்?”

“செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?”

“உயிரோட இருக்குன்னு யார் சொன்னா? ஒருத்தர், ஒரே ஒருத்தர் எதையாச்சும் கேட்டிருக்கலாமே.”

“அவங்க கேக்கணுமா?”

“கேக்கணும்.”

“அப்ப நீங்க முதல்ல கேட்டுப் பாருங்க. அடுத்த ஞாயிறும் இதே நினைப்பு இருந்தா எடுத்துடலாம்.”

மாசிலாமணி அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார். குறித்த நேரம் வந்ததும் முதலில் ஒரு மணி அடிக்கும். திரையில் ஒரு கேள்வி வரும்: ‘உங்களுக்கு இன்னும் என்ன வேண்டும்?’ ஏதாவது எழுதி அனுப்பினால்தான் கேள்வி போகும். கேள்வி போனால்தான் கணினி அணையும். திங்கட்கிழமை காலை அனுப்பினார். அரைமணி இருந்த இடங்களுக்கெல்லாம் புதுசு தானாகப் போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை கடித எண்ணிக்கை நாற்பது என்று காட்டியது. வியாழக்கிழமை நூற்றுத் தொண்ணூறு. ஒவ்வொரு காயிலாகக் கட்டி முடித்துவிட்டுக் கைபேசியை எடுத்துப் பார்த்தார். சனிக்கிழமை முந்நூற்றுப் பன்னிரண்டு. ரியாஸுக்கு இருபத்தாறு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனார். முதல் துண்டை ரியாஸுக்குத்தான் நீட்டினார்.

“எடுத்துக்க தம்பி. உன்னது சீக்கிரம் முடிஞ்சிரும். இன்னிக்கு எனக்குத்தான் நேரமாகும்.”

ரியாஸ் வாங்கிக்கொண்டான்.

“மாசிலாமணி அண்ணே, வாசிங்க,” என்றார் டீச்சர்.

அவர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“‘ஐயா, நல்லா தூங்கிட்டேன். மணியடிச்சு எழுப்பி என்ன வேணும்னு கேக்குறீங்க. தூக்கம் வேணும்.’”

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

“‘எங்க பிள்ளை மழைச் சத்தம் வச்சாத்தான் தூங்கும். மூணு வருஷமா அரைமணிதான். நேத்து மணி கேட்டு எந்திரிச்சவன் நாலு மணிவரைக்கும் அழுதான். தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க.’”

“‘இப்படி ஒண்ணு என் கம்ப்யூட்டர்ல இருக்குங்கிறதே மறந்துபோச்சு. நீங்க யாரு?’”

“‘பழையபடி ஆக்குங்க.’”

“‘பழையபடி.’”

“‘அழிச்சிட்டேன்.’”

பதினொரு கடிதம் ஆயிற்று. விரல்களில் அல்வா நெய் பிசுபிசுத்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றாமல் பன்னிரண்டாவதைத் திறந்தார்.

“‘அண்ணே, விடிய விடிய பாட்டு ஓடிச்சு. காலையில பார்த்தா உங்க கேள்வி நிக்குது. எனக்கு அந்த ஒத்தைப் பட்டன் போதும். ரியாஸ்.’”

நிமிர்ந்து பார்த்தார்.

“நீயா?”

ரியாஸ் அல்வாக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

“உன்னோட நித்திரா என்னாச்சு?”

“அதுல இருபத்தேழு பட்டன் இருக்குண்ணே. கண்ணு சொருகுற நேரத்துல எதை அமுக்குறது?”

“இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிண்ணே சொல்றது? வாராவாரம் நான் இங்க நின்னு அதைக் காணோம், இது சரியில்லைன்னு வாசிக்கிறேன். நீங்க எந்திரிச்சு ‘எனக்கு இல்லை’ன்னுட்டு சுகமா உக்காந்துருவீங்க. எனக்கு வயிறு எரியும்.”

மாசிலாமணி டீச்சரைப் பார்த்தார். வாசித்தது போதும் என்று டீச்சர் சொல்லவில்லை. மீதி முந்நூறு கடிதங்களையும் அவர் நின்றபடியே வாசித்தார். முடிக்கும்போது பகல் ஒரு மணி. கீழே சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். ‘அழிச்சிட்டேன்’ என்று எழுதியிருந்தவர்கள் ஐம்பத்தொரு பேர்.

சாயங்காலத்துக்குள் மணியையும் கேள்வியையும் எடுத்துவிட்டு, பழைய அரைமணியை அனுப்பினார். அழிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு அது போய்ச் சேரும். அழித்தவர்கள் தாங்களாகத் திரும்ப வந்து எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

அந்த வாரம் கடித எண்ணிக்கை பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரியாஸின் இடம் காலியாக இருந்தது. அவன் ஒருநாளும் நேரங்கழித்து வந்தவனல்ல. டீச்சர் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

“மாசிலாமணி அண்ணே.”

“எனக்கு இல்லை.”

சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை.

“என்னண்ணே?”

“பழையபடி ஆக்கிட்டேன் டீச்சர். போனவங்க திரும்பி வந்தாங்களா, இருந்தவங்களாச்சும் இருக்காங்களா, ஒண்ணும் தெரியல. சண்டை போட முந்நூறு பேர் எழுதினாங்க. சரியாயிடுச்சுன்னு ஒருத்தர் எழுதக் கூடாதா?”

டீச்சர் ரியாஸின் காலி இடத்தைப் பார்த்துச் சிரித்தபடி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“பக்கத்துல படுத்திருக்கிறவங்கள ‘தூங்கிட்டீங்களா’ன்னு எப்பவாச்சும் கேட்டிருக்கீங்களாண்ணே?”

“கேட்டிருக்கேன்.”

“ஆமான்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?”