வளையாத நிக்கல்

தெய்வநாயகம் உடைந்த குழாயை மேசைமேல் வீசினார். நுண்ணோக்கி அதிர்ந்தது.

"டையிங் பட்டறைக்காரங்க சரியா மாட்டலைங்க. என்மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுங்க டீச்சர்."

அது தெய்வநாயகம் நிக்கலில் செய்த, துருத்திபோல வளைந்து நீளும் மடிப்புக் குழாய். தொட்டிக்குள் ஓர் அச்சைத் தொங்கவிட்டு, மின்சாரம் பாய்ச்சி, அதன்மேல் நிக்கலைப் படியவைத்து, பிறகு அச்சைக் கரைத்து எடுப்பார்கள். முந்தாநாள் துணிக்குச் சாயம் போடும் பட்டறையில் அது விரிசல்விட்டு நீராவி பீறிட்டதில், செல்லாத்தா என்ற பெண்ணின் கை முழங்கை வரை வெந்துபோனது.

சகாயமேரி உலோகப் பரிசோதனைக்கூடம் நடத்துபவர். தெய்வநாயகத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். இருபது வருஷமாக நிக்கல் தொட்டியில் வேலை செய்துகொண்டே, உலோகத்தின் உள்ளே பார்க்கக் கற்றுக்கொள்ள அவரிடம் வருபவர் தெய்வநாயகம்.

சகாயமேரி ரம்பத்தை எடுத்தார். உடைந்த குழாயில் ஒரு துண்டை வெட்டினார். தேய்த்தார். அமிலம் தடவிக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்தார்.

"பாருங்க."

"மெல்லிசா வரி வரியா ஓடுது. படிகம்னு ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியலை."

வேறொரு துண்டு வைத்தார்.

"இதுல நெடுக நெடுகத் தூண் மாதிரி நிக்குது. யார் செஞ்சது?"

"நீங்கதான். மூணு வருஷம் முன்னாடி."

பிறகு இரண்டு குழாய்களிலிருந்தும் ஒவ்வொரு பட்டை வெட்டி அவர் கையில் கொடுத்தார். பழையது மங்கலாக இருந்தது, வளைந்தது. புதியது கண்ணாடிபோல மின்னியது, மளுக்கென்று ஒடிந்தது.

தெய்வநாயகத்துக்கு முகம் சிவந்தது.

"முதலாளிதான் பளபளப்பு வேணும்னு தொட்டியில பிரைட்னர் மருந்தைக் கூட்டச் சொன்னாரு. வேண்டாம்னு நானும் கத்தினேன்!"

"கத்திட்டு?"

அவர் ஒடிந்த பட்டையையே பார்த்தார்.

"ஊத்தினேன்."

சகாயமேரி ஒடிந்த துண்டுகளை அவர் பக்கம் நகர்த்தினார். தெய்வநாயகம் இன்னும் கொதித்தார்.

"பட்டறைக்காரன்மேல கோபப்படக்கூடாது. முதலாளிமேலயும் கூடாது. இந்தக் கோபத்தை நான் எங்கதான் கொண்டுபோய்ப் போடறது, சொல்லுங்க!"

"இப்ப அந்த பிரைட்னர் ஊத்தின தொட்டியில எத்தனை குழாய் தொங்குது?"

"பன்னெண்டு."

சகாயமேரி எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

"அதுல ஒண்ணுகூடப் பட்டறைக்குப் போகக்கூடாது. கோபம் ஆறுறதுக்குள்ள போங்க."