நாலாயிரம் மேற்கோள்

இருட்டிய பிறகு, யாரோ தொண்டையைக் காறுவது போல ஒரு சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்தது. ஜெசிந்தா குழந்தை ஷைனியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். குழாய் விக்கியது, பிறகு கண்ணாடி மாதிரித் தண்ணீர் கொட்டியது.

புதுத் தொட்டியின் வெள்ளோட்டம். விடிந்தால் திறப்பு விழா. கல்லூரிக் குடியிருப்புக்கும், பக்கத்திலிருந்த குழந்தைகள் காப்பகத்துக்கும் இனி இந்தத் தண்ணீர்தான். ஏரியின் கலங்கலைத் தெளியவைக்கத் தொட்டியில் போட்டிருந்த பொடி, ஜெசிந்தா கண்டுபிடித்தது. அதனால் கெடுதல் இல்லை என்ற அவள் ஆய்வுக் கட்டுரையை முதலில் மீன்வளத்துறைக்காரர்கள் மேற்கோள் காட்டினார்கள். அவர்களைப் பார்த்து வேளாண்மைக்காரர்கள். அவர்களைப் பார்த்துக் குழந்தை மருத்துவர்கள். மேற்கோள்கள் நாலாயிரத்தைத் தாண்டியபோது கல்லூரி அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது.

ஷைனி பாலுக்கு வீறிட்டாள். ஜெசிந்தா தம்ளரில் தண்ணீர் பிடித்தாள். பால்பவுடரைக் கலக்கக் கை வரவில்லை.

அதே தம்ளரோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆராய்ச்சியில் தனக்கு வழிகாட்டியாக இருந்த சிஸ்டர் அமலோற்பவத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போய் நின்றாள்.

"என்னம்மா, பேயைக் கண்டவ மாதிரி?"

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எத்தனை துறை, எத்தனை பேர்! அத்தனை பேருமா தப்பாச் சொல்லியிருப்பாங்க?"

சிஸ்டர் தம்ளரை வாங்கினார். ஒரு கரண்டி எடுத்து, தண்ணீரை மொண்டு, குழந்தையின் வாயருகே கொண்டுபோனார். ஷைனி ஆவலாக வாயைத் திறந்தாள்.

ஜெசிந்தா கரண்டியைத் தட்டிவிட்டாள். அது எங்கோ போய் விழுந்தது.

"ஏன்? நாலாயிரம் பேர் சொன்ன தண்ணியாச்சே."

"அவங்க என்னை வச்சுச் சொன்னாங்க, சிஸ்டர்."

"நீ எதை வச்சுச் சொன்னே?"

"மீன் தொட்டியில போட்டுப் பார்த்தேன். மீன் சாகல. கடைசிப் பக்கத்துல, குழந்தைகளுக்கும் ஒண்ணும் செய்யாதுன்னு ஒரு ஊகம்..."

"ஊகம்னு போட்டியா?"

"போட்டேன்."

"அந்தப் பக்கம் வரைக்கும் யாராவது போனாங்களா?"

ஜெசிந்தா கைபேசியை எடுத்துத் தொட்டிக்குப் பொறுப்பான இன்ஜினியர் தணிகைவேலைக் கூப்பிட்டாள்.

"சார், காலையில தண்ணியைத் திறக்காதீங்க. பிள்ளைங்களுக்கு ஆகுமான்னு யாருமே சோதிக்கல."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். அந்தக் கட்டுரை எழுதினவ."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "நல்லா விளையாடுறீங்க மேடம். பெரிய பெரிய டாக்டருங்க நாலாயிரம் பேரு ஓகேன்னு எழுதியிருக்காங்க. நீங்க ஒருத்தர் வேணாம்னா எப்படி? விழாவுக்கு மாலை எல்லாம் வந்திறங்கிடுச்சு. நிம்மதியாத் தூங்குங்க."

கைபேசியை வைத்தாள். ஜன்னல் வழியே காப்பகம் தெரிந்தது. வரிசையாகத் தொட்டில்கள்.

"சிஸ்டர், வால்வு எங்க இருக்கு?"

"தொட்டிக்குக் கீழே, பம்பு அறையில."

இருவரும் நடந்தார்கள். நாய்கூடக் குரைக்கவில்லை. பம்பு அறை திறந்தே கிடந்தது. ஜெசிந்தா பிள்ளையைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, வால்வின் பெரிய சக்கரத்தைப் பிடித்து, முழு பலத்தையும் கொடுத்துத் திருகினாள். தண்ணீரின் இரைச்சல் அடங்கியது.

"வந்து திறந்துடுவாங்களே, சிஸ்டர்."

"ஆமா."

ஜெசிந்தா வாசலுக்கு வந்து, குழந்தையை வாங்கி முத்தமிட்டு, திரும்ப சிஸ்டரின் கையில் கொடுத்தாள். ஷைனி அவள் தாலிச் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாக விடுவிக்க வேண்டியிருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு. என்ன பண்ணுவாங்க?"

சிஸ்டர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கதவைத் தட்டுவாங்க. நீ எழுதினதையே உனக்குப் படிச்சுக் காட்டுவாங்க."

ஜெசிந்தா பம்பு அறைக்குள் போய், உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டாள்.